வெளிநாட்டு நகரத்தில் கால்பந்து ரசிகராக வாழ ஒரு முழு வழிகாட்டி: டிக்கெட் முதல் கடைசி ரயில் வரை

ஸ்டேடியத்துக்குப் போவது சுலபம். அறுபதாயிரம் பேர் ஒரே திசையில் நடக்கும்போது யாரிடமும் வழி கேட்கவே வேண்டாம், கூட்டமே கொண்டுபோய் வாசலில் விட்டுவிடும். ஆட்டம் முடிந்து அதே அறுபதாயிரம் பேரும் ஒரே ரயில் நிலையத்தை நோக்கித் திரும்பும்போதுதான் ஊர் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்பது புரியும்.

இது சுற்றுலா வருபவருக்காக எழுதியதல்ல. வேலைக்கோ படிப்புக்கோ வேறொரு நாட்டில் குடியேறி, அங்கேயே சீசன் முழுக்க இருக்கப்போகும் ரசிகருக்காக எழுதியது. சுற்றுலாப் பயணிக்கு இருப்பது ஒரே ஒரு ஆட்டம். கேட்ட விலையைக் கொடுத்து டிக்கெட் வாங்கி, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அங்கேயே குடியிருப்பவர் கையில் காசு குறைவாக இருக்கலாம், ஆனால் நாட்கள் நிறைய இருக்கின்றன. இந்த வாரம் கிடைக்காத டிக்கெட் அடுத்த மாதம் கிடைக்கும். அந்த வசதியை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் கீழே வருவதில் பாதி. கூட்டம் அதிகம் என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து. முறை எந்த ஊருக்கும் பொருந்தும்.

படி 1: அட்டவணையைப் பாருங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் அட்டவணை வழக்கமாக ஜூன் மாதத்தில் வெளியாகும். 20 அணிகள், அணிக்கு 38 ஆட்டங்கள், அதில் 19 சொந்த மைதானத்தில். பெரும்பாலான ஆட்டங்களுக்கு நேராகச் சனிக்கிழமை பிற்பகல் 3 மணி என்று போட்டிருக்கும். அது தற்காலிகம். தொலைக்காட்சி நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய ஆட்டங்களைப் பொறுக்கி எடுத்த பிறகு வெள்ளி இரவு, சனி 12:30, ஞாயிறு 4:30, திங்கள் இரவு 8 என்று அவை சிதறிப்போகும். வியாழக்கிழமை யூரோப்பா லீக்கில் (ஐரோப்பியக் கிளப்களின் இரண்டாம் நிலைப் போட்டி) ஆடும் அணியின் லீக் ஆட்டம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளப்படும். உள்நாட்டுக் கோப்பையில் அணி முன்னேறினால் அதே வாரத்து லீக் ஆட்டம் எங்கோ ஒரு புதன்கிழமை இரவுக்குப் போய்விடும். ஜெர்மனியின் பூண்டஸ்லீகா, எந்த வார இறுதியில் யாருக்கு யாருடன் ஆட்டம் என்பதை மட்டும் முதலில் சொல்லும். சரியான நாளும் நேரமும் பிறகு பகுதி பகுதியாக வரும்.

ஆகவே, தேதி உறுதியானதாகக் கிளப் அறிவிக்கும்வரை பணம் திரும்பாத ரயில் டிக்கெட்டையோ விமான டிக்கெட்டையோ எடுக்காதீர்கள். விடுதி போட்டாலும் ரத்து செய்யக்கூடியதாகப் போடுங்கள். ஷிஃப்ட் வேலை செய்பவர்கள் விடுப்பை ஜூன் மாதத்திலேயே கேட்டு வைப்பதில் பயனில்லை. கிளப் தளங்களில் கைப்பேசி நாட்காட்டியுடன் இணைத்துக்கொள்ளும் வசதி இருக்கும். நேரம் மாறினால் அதுவாகவே மாறிக்கொள்ளும் என்பதால், பட்டியலைப் படமெடுத்து வைத்துக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

அட்டவணையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, நாட்டின் விடுமுறை. இங்கிலாந்தில் டிசம்பர் 26 கால்பந்துக்குப் பேர்போன நாள். அதே நாளில் நாடு தழுவிய ரயில் சேவை அநேகமாக முழுவதும் நின்றிருக்கும். லண்டன் பாதாள ரயில் ஓடும், வெளியூர் ரயில் ஓடாது. அன்றைக்கு உள்ளூர் ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரண்டாவது, கடிகார மாற்றம். ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் கடிகாரத்தை மாற்றும். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறிலும் நவம்பர் முதல் ஞாயிறிலும் மாற்றும். நியூயார்க்கில் இருந்துகொண்டு லண்டன் ஆட்டத்தைப் பார்ப்பவருக்கு வழக்கமான 5 மணி நேர இடைவெளி இந்த இடைப்பட்ட வாரங்களில் 4 ஆகிவிடும். கடிகாரம் மாறாத நாடுகளில் வசிப்பவர்களுக்கோ, அதே ஆட்டம் குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தாமதமாக வரும்.

படி 2: டிக்கெட்

பெரிய கிளப்களின் டிக்கெட் கடையில் விற்கும் பொருள் அல்ல. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது, வரிசையின் முன்னால் சீசன் டிக்கெட்காரர்கள் நிற்கிறார்கள். அடுத்து உறுப்பினர்கள். பொது விற்பனை என்பது பல கிளப்களில் பெயருக்குத்தான்.

முதல் வேலை, ஆண்டு உறுப்பினர் ஆவது. இங்கே ஒரு குழப்பம் பலருக்கு உண்டு. உறுப்பினர் கட்டணம் கட்டினால் டிக்கெட் கிடைத்துவிடாது, டிக்கெட் கேட்கும் உரிமைதான் கிடைக்கும். சில கிளப்களில் குலுக்கல். சிலவற்றில் குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட மணிக்கு இணைய வரிசை. சிலவற்றில் முன்பு எத்தனை ஆட்டங்களுக்கு வந்திருக்கிறீர்கள் என்ற புள்ளிக்கணக்கு. எந்த முறை என்று தெரிந்துகொண்ட பிறகு பணம் கட்டுங்கள். சீசன் தொடங்கும் முன்பே சேர்ந்தால் எல்லாக் குலுக்கலிலும் பெயர் இருக்கும். டிசம்பரில் சேர்ந்தால் அதே கட்டணத்துக்குப் பாதி வாய்ப்புதான்.

புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம், கிளப்பே நடத்தும் மறுவிற்பனைத் தளம். வரமுடியாத சீசன் டிக்கெட்காரர் தன் இருக்கையை அதில் விடுவார். ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு நாட்களில், அதிலும் மழையும் குளிருமான வார நாள் இரவென்றால், இருக்கைகள் வந்துகொண்டே இருக்கும். வேலை முடிந்து அரை மணி நேரத்தில் ஸ்டேடியத்துக்குப் போய்விடக்கூடிய ஒருவருக்குத்தான் இது உதவும். சுற்றுலாப் பயணியால் முடியாது, உங்களால் முடியும்.

கிளப்புக்கு வெளியே விற்கும் டிக்கெட்டைத் தொடாதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அனுமதியின்றிக் கால்பந்து டிக்கெட் விற்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இசை நிகழ்ச்சி டிக்கெட்டுக்குக்கூட இல்லாத கண்டிப்பு இது. இத்தாலியில் டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கும், வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நண்பருக்குக் கொடுப்பதென்றால் கிளப்பின் வழியாகப் பெயரை முறைப்படி மாற்றித்தான் கொடுக்க வேண்டும். கைப்பேசி டிக்கெட்டின் படத்தை எடுத்து அனுப்பினால் போதும் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். பல மைதானங்களில் வாசலில் கைப்பேசியையே கருவியில் தொட வேண்டும், வெறும் படம் கதவைத் திறக்காது.

எந்த ஆட்டத்தைக் கேட்பது என்பதிலும் சற்று யோசனை வேண்டும். முதல் சீசனிலேயே உள்ளூர்ப் பரம எதிரியோடு மோதும் ஆட்டத்தைக் குறிவைத்து ஏமாறுவதைவிட, பட்டியலின் அடியில் இருக்கும் அணி வரும் செவ்வாய்க்கிழமையைக் கேளுங்கள். கோப்பையின் ஆரம்பச் சுற்றுகளுக்கு டிக்கெட் எளிது. புள்ளிக்கணக்கு உள்ள கிளப்களில் இப்படிப்பட்ட ஆட்டங்களும் கணக்கில் ஏறுகின்றனவா என்று பாருங்கள். ஏறினால், இரண்டாம் சீசனில் பெரிய ஆட்டத்தை நோக்கி நகர்ந்துவிடலாம்.

படி 3: திரும்பும் வழியை முதலில் போடுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி, அவசரமில்லாமல் படியுங்கள்.

ஆட்டம் 90 நிமிடம் என்பது பேச்சுக்கு. 15 நிமிட இடைவேளை, இரு பாதியிலும் கூடுதல் நிமிடங்கள் எல்லாம் சேர்த்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரவு 8 மணிக்குத் தொடங்கினால் 9:55 போலத்தான் வெளியே வருவீர்கள். தோற்ற அணி வெளியேறும் கோப்பை ஆட்டமென்றால் இன்னும் 30 நிமிடக் கூடுதல் நேரமும் பெனால்டியும் வரலாம், ஆகவே முக்கால் மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் 2024-25 சீசன் முதல், முதல் சுற்றிலிருந்தே மறு ஆட்டங்கள் எடுக்கப்பட்டுவிட்டன. சமநிலை என்றால் அன்றிரவே முடிவு. ஐரோப்பியப் பெருநிலத்தில், அங்குள்ள முன்னணிக் கிளப்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் பெரும்பாலும் இரவு 9 மணிக்குத்தான் தொடங்கும், அதற்குப் பின்னால் வெளியூர் ரயில் இருக்கிறதா என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே பாருங்கள்.

ஸ்டேடியங்களை நான் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன்: ஊருக்கு நடுவில் இருப்பவை, ஊருக்கு ஓரத்தில் இருப்பவை. இரண்டிலிருந்தும் வெளியேறும் தந்திரம் நேர் எதிரானது.

நடுவில் இருப்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க். நகரத்தின் மையத்திலேயே, கடைத்தெருவிலிருந்து நடக்கும் தூரம். லண்டனில் அர்செனலின் மைதானமும் குடியிருப்புகளுக்கு நடுவில்தான். அருகிலேயே கிளப்பின் பெயரையே கொண்ட பாதாள ரயில் நிலையம் இருக்கிறது, 1932இல் அந்தப் பெயர் வந்தது. கூட்டமெல்லாம் அங்கேதான் முண்டும். இப்படிப்பட்ட இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பக்கத்து நிலையத்தைப் புறக்கணித்து 15, 20 நிமிடம் நடந்து அடுத்த நிலையத்துக்குப் போவது. ஃபின்ஸ்பரி பார்க், ஹைபரி அண்ட் இஸ்லிங்டன் இரண்டும் நடக்கும் தூரம்தான். ஆட்ட நாளில் சில நிலையங்களை மூடியோ வெளியேற மட்டும் அனுமதித்தோ வைத்திருப்பார்கள், போக்குவரத்துத் தளத்தில் அன்று காலையே அறிவிப்பு இருக்கும். மிலானின் சான் சிரோவுக்கும் இதே கதை. வாசலிலேயே எம்5 தடத்தின் நிலையம் உண்டு, ஆனால் ஊர் அறிந்தவர்கள் லோட்டோ நிலையம் வரை நடந்து எம்1 தடத்தையும் பிடிப்பார்கள்.

ஓரத்தில் இருப்பதற்கு மியூனிக்கின் அலையன்ஸ் அரேனா. நெடுஞ்சாலையோரம், அருகில் ஃப்ரோட்மானிங் நிலையம், யு6 என்ற ஒரே தடம். வேறு எங்கும் நடந்துபோக வழியில்லை. இங்கே நேரத்தைத்தான் மாற்ற வேண்டும், பாதையை அல்ல. ஒன்று, கடைசி விசிலுக்குச் சில நிமிடம் முன்பே எழுந்து போகலாம். ரசிகனுக்கு அது மானப் பிரச்சினை என்பது எனக்கும் தெரியும். அல்லது இருக்கையிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பலாம். இந்த இரண்டுக்கும் இடையில் கிளம்புவதுதான் மோசமான தேர்வு.

வெம்பிளி இரண்டும் கலந்த வகை. 90,000 பேர் கொள்ளும். ஒலிம்பிக் வே வழியாக வெம்பிளி பார்க் நிலையத்துக்குப் போகும் கூட்டத்தைப் போலீசார் நிறுத்தி நிறுத்தி அனுப்புவார்கள். மேரில்போன் பக்கம் போகிறவர் வெம்பிளி ஸ்டேடியம் நிலையத்தையும், தெற்கே போகிறவர் வெம்பிளி சென்ட்ரலையும் பார்க்கலாம். வெள்ளி, சனி இரவுகளில் ஜூபிலி தடம் உட்பட ஐந்து பாதாளத் தடங்கள் விடியவிடிய ஓடுகின்றன. 2016இல் தொடங்கிய ஏற்பாடு இது. ஞாயிறு முதல் வியாழன் வரை அது கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

வழி தெரிந்திருப்பது வசதிக்காக மட்டுமல்ல. 2022 மே 28 அன்று பாரிஸின் ஸ்டாட் டி பிரான்ஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தின்போது ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயில் தடத்தில் வேலைநிறுத்தம். கூட்டம் டி தடத்துக்குத் திருப்பப்பட்டது. அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஒரு குறுகலான சோதனை வாயிலில் சிக்கிக்கொண்டார்கள். ஆட்டமே அரை மணி நேரத்துக்கும் மேல் தாமதமானது. ஆகவே ஒன்றுக்கு இரண்டு வழிகளையாவது தெரிந்து வைத்திருங்கள். கூட்டம் நகராமல் இறுகத் தொடங்கினால் முன்னால் தள்ளாதீர்கள், ஓரத்துக்கு வந்து வேறு பக்கம் திரும்புங்கள்.

போக்குவரத்துச் செலவைப் பற்றி ஒன்று. ஜெர்மனியில் பல கிளப்களின் ஆட்ட டிக்கெட்டே அன்றைய உள்ளூர்ப் பேருந்து, ட்ராம், ரயில் டிக்கெட்டாகவும் செல்லும். எல்லாக் கிளப்களிலும் இல்லை, எந்த மண்டலம் வரை என்ற எல்லையும் உண்டு. டிக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும். கார் வேண்டவே வேண்டாம். மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஆட்ட நாளில் அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் நிறுத்த அனுமதி என்பது பல ஊர்களில் வழக்கம். வீடு வாடகைக்குப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்: ஸ்டேடியத்துக்குப் பக்கத்து வீடு கேட்க இனிமையாக இருக்கும். இரு வாரத்துக்கு ஒரு முறை சாலை மூடல், நிரம்பி வழியும் பேருந்து, இரவு 11 வரை பாட்டு ஆகியவையும் கூடவே வரும். இரண்டு நிலையம் தள்ளி, அதே தடத்தில் இருப்பது புத்திசாலித்தனம்.

படி 4: வாசலில்

பையில்லாமல் போங்கள். இங்கிலாந்தின் பல மைதானங்களில் ஏ4 தாளைவிடப் பெரிய பை உள்ளே போகாது. அமெரிக்காவில் பல ஸ்டேடியங்கள் ஒளி ஊடுருவும் பையை மட்டுமே விடும். அலுவலகத்திலிருந்து நேராக மடிக்கணினியோடு வருபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கைப்பேசி மின்கலம் நிறைந்திருக்கட்டும், டிக்கெட் அதில்தான் இருக்கிறது. கூட்டத்தில் இணையம் படுத்துவிடும், ஆகவே டிக்கெட்டை வீட்டிலேயே கைப்பேசியின் வாலட்டில் ஏற்றிவிடுங்கள். ஜெர்மனியில் பானக் கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பும்.

படி 5: எந்தப் பக்கத்தில் உட்காருகிறீர்கள் என்பது முக்கியம்

கால்பந்தில் இருக்கை என்பது வெறும் எண் அல்ல. எதிரணி ரசிகர்களுக்குத் தனிப் பகுதி, தனி வாசல், சில ஊர்களில் தனி ரயில் நிலையம்கூட உண்டு. உள்ளூர் அணியின் பகுதியில் உட்கார்ந்துகொண்டு எதிரணியின் சட்டை போட்டாலோ, அவர்கள் கோலுக்குத் துள்ளிக் குதித்தாலோ, இங்கிலாந்து மைதானங்களில் உங்களை வெளியே அனுப்பிவிடலாம். அதைக் கொடுமை என்று நினைக்க வேண்டாம், உங்கள் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான். இரண்டு அணிகளின் பெயரும் பாதிப்பாதி போட்ட ஸ்கார்ஃபை வாசலில் விற்பார்கள். தாராளமாக வாங்குங்கள், கழுத்தில் மட்டும் போடாதீர்கள். பழைய ரசிகர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

கோலுக்குப் பின்னால் உள்ள பகுதிதான் பெரும்பாலும் பாட்டுக்காரர்களின் இடம். டோர்ட்முண்டின் தெற்கு ஸ்டாண்டில் ஏறத்தாழ 25,000 பேர் நின்றபடி பார்ப்பார்கள். அங்கே படம் எடுத்துக்கொண்டே நிற்பதும், பாட்டு நடக்கும்போது உட்கார இடம் தேடுவதும் நாகரிகமல்ல. பாட்டு தெரியாவிட்டால் கைதட்டினால் போதும். முதல் முறை போகிறவர்களுக்கும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் நீளவாட்டு ஸ்டாண்ட் நல்லது. ஆட்டமும் அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும். இங்கிலாந்தில், ஹில்ஸ்பரோ மைதான நெரிசல் விபத்தை விசாரித்த 1990இன் டெய்லர் அறிக்கைக்குப் பிறகு மேல்மட்ட மைதானங்கள் முழுக்க இருக்கைகளாக மாறின. தடுப்புக் கம்பியோடு நின்று பார்க்கும் பகுதிகள் 2022இல்தான் திரும்ப அனுமதிக்கப்பட்டன. குள்ளமானவர்கள் இருக்கை வாங்கும் முன் அது நிற்கும் பகுதியா என்று பாருங்கள்.

படி 6: சட்டமும் விசாவும்

இந்த இடத்தில் குடிமகனுக்கும் குடியேறியவருக்கும் வித்தியாசம் பெரிது. மைதானத்துக்குள் ஓடுவது, பொருட்களை வீசுவது, இனவெறிக் கோஷம் போடுவது ஆகிய மூன்றும் இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டின் கால்பந்துக் குற்றச் சட்டப்படி தனித்தனிக் குற்றங்கள். வண்ணப் புகை கக்கும் குச்சியோ பட்டாசோ கையில் வைத்துக்கொண்டு நுழைய முயல்வதும் குற்றமே. இங்கிலாந்தின் மேல்மட்டப் போட்டிகளில் ஆடுகளம் தெரியும் இடத்தில் மது அருந்துவது 1985 முதல் தடை, அதனால்தான் இருக்கைக்கு எடுத்துப் போக விடுவதில்லை. உள்ளூர்க்காரருக்கு இவையெல்லாம் அபராதத்தோடும் மைதானத் தடையோடும் முடியலாம். விசாவில் இருப்பவருக்கோ, குற்றப் பதிவு என்பது புதுப்பிப்பு விண்ணப்பத்தில் வந்து நிற்கும். கொண்டாட்டத்தில் நண்பர்கள் வேலி தாண்டினால் நீங்கள் தாண்டாதீர்கள்.

இனவெறிச் சொல் உங்கள்மேல் விழுந்தால் வாய்ச்சண்டைக்குப் போகாமல் அந்த நபரின் வரிசை, இருக்கை எண், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு ஸ்டூவர்டிடம் (மைதானப் பணியாளர்) சொல்லுங்கள். பல கிளப்கள் இதற்கென்றே குறுஞ்செய்தி எண் வைத்திருக்கின்றன, ஸ்டேடியத் திரையில் காட்டுவார்கள். இங்கிலாந்தில் 1993 முதல் இயங்கும் கிக் இட் அவுட் என்ற இனவெறி எதிர்ப்பு அமைப்பிடமும் புகார் செய்யலாம். கண்காணிப்புக் கேமரா இருக்கும் இடம் அது, இருக்கை எண் ஒன்றே போதுமான தடயம்.

படி 7: வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அணியைத் தொடர்வது

எதிரணி மைதானத்தில் பார்ப்பதுதான் ஒரு நாட்டைத் தெரிந்துகொள்ள நல்ல வழி. யாரும் சுற்றுலா போகாத தொழில் நகரங்களுக்கெல்லாம் கால்பந்து உங்களைக் கூட்டிப்போகும். டிக்கெட்டை உங்கள் அணியின் மூலமாகவே வாங்க வேண்டும். பூண்டஸ்லீகாவில் இருக்கைகளில் பத்தில் ஒரு பங்கு வந்த அணியின் ரசிகர்களுக்கு என்பது விதி. நெதர்லாந்தில் சில ஆட்டங்களுக்கு, ஏற்பாடு செய்யப்பட்ட பேருந்திலோ ரயிலிலோ வந்தால்தான் உள்ளே விடுவார்கள், தனியாகப் போனால் டிக்கெட் பயன்படாது. ஆட்டம் முடிந்ததும் வந்த அணி ரசிகர்களைச் சற்று நேரம் உள்ளேயே வைத்திருப்பது பல நாடுகளில் வழக்கம். படி 3இல் போட்ட கணக்கில் அதையும் சேருங்கள்.

எல்லை தாண்டும்போது ரசிகர்கள் தடுக்கி விழுவது விசாவில். ஒரே விசாவில் உள்ளே சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள். பிரிட்டனும் அயர்லாந்தும் அதில் இல்லை. ஜெர்மனியின் வசிப்பிட அட்டை இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள்வரை இருக்கலாம், ஆனால் அந்த அட்டையைக் காட்டி லண்டன் ஆட்டத்துக்குப் போக முடியாது. அதே மாதிரி பிரிட்டனின் வசிப்பிட அனுமதி இருக்கிறது என்பதால் மாட்ரிட்டுக்குள் விட மாட்டார்கள், உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதுதான் கணக்கு. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்லச் சாதாரணமாக 15 நாள் எடுப்பார்கள், நேர்காணல் நேரம் கிடைப்பதே தனிக் காத்திருப்பு.

சாம்பியன்ஸ் லீக் 2024-25 முதல் புது வடிவத்தில் நடக்கிறது: 36 அணிகள், ஆளுக்கு 8 ஆட்டங்கள், அதில் 4 வெளியில். ஆகஸ்ட் கடைசியில் குலுக்கல், செப்டம்பரிலேயே முதல் ஆட்டம். தோற்றால் வெளியேறும் நாக் அவுட் சுற்றுகளிலோ குலுக்கலுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே சில வாரங்கள்தான். அதற்குள் விசா எடுப்பது நடக்காத காரியம். எனவே அணி தகுதி பெற்றது தெரிந்ததுமே, கோடையில், பலமுறை நுழையும் விசாவுக்கு விண்ணப்பித்து வைப்பதே வழி. பயண நோக்கத்தை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். நாட்களைக் கணக்கு வையுங்கள், எல்லையில் இப்போது மின்னணுப் பதிவு வந்துவிட்டது.

படி 8: சின்ன மைதானம்

இந்தப் படியை யாரும் கேட்டு வருவதில்லை. ஆனால் மற்ற எல்லாப் படிகளையும்விட இதைத்தான் நான் வலியுறுத்துவேன்.

நீங்கள் குடியிருக்கும் ஊரில், உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள், பெயரே கேள்விப்படாத ஒரு கிளப் கட்டாயம் இருக்கும். நான்காம், ஆறாம், எட்டாம் நிலை எதுவாகவும் இருக்கலாம். உறுப்பினர் கட்டணம், குலுக்கல் எதுவும் தேவையில்லை, வாசலில் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். இங்கிலாந்தின் கீழ்நிலை லீக்குகளில் ரசிகர்களைப் பிரித்து வைப்பது குறைவு. இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது ரசிகர்களும் மறுமுனைக்கு நடந்து போவார்கள். அந்த நடையில்தான் பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு தொடங்கும். மூன்றாம் முறை போகும்போது வாசலில் இருப்பவர் உங்கள் முகத்தை அடையாளம் கண்டுகொள்வார். அறுபதாயிரம் பேர் கூடும் இடத்தில் பத்து வருடம் போனாலும் அது நடக்காது.

உலகின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பையான எஃப்.ஏ. கோப்பை 1871-72இல் தொடங்கியது. அதன் இறுதி ஆட்டத்தை மே மாதத்தில் உலகமே பார்க்கும். அதே கோப்பையின் முதல் தகுதிச் சுற்றுகள் ஆகஸ்டில், வேலி ஓரத்தில் நின்று பார்க்கும் மைதானங்களில் நடக்கின்றன. 700க்கும் மேற்பட்ட கிளப்கள் கலந்துகொள்கின்றன, பிரீமியர் லீக் அணிகள் ஜனவரியில் மூன்றாம் சுற்றில்தான் வருவார்கள். ஒரு சீசனில் உங்கள் ஊர் கிளப் தோற்கும்வரை அதன்கூடப் போய், பிறகு அதைத் தோற்கடித்த அணியைத் தொடர்ந்து பாருங்கள். நாட்டின் வரைபடம் கைக்கு வந்துவிடும். சர்வதேச ஆட்டங்களுக்காகப் பெரிய லீக்குகள் நிற்கும் வார இறுதிகள் இதற்குத் தோதானவை.

சின்னது என்றால் எப்போதும் கீழ்நிலை என்று அர்த்தமில்லை. பெர்லினின் யூனியன் கிளப்பின் மைதானம் 22,000 பேர் மட்டுமே கொள்ளும், பெரும்பகுதி நின்று பார்ப்பது. 2008-09இல் அதைப் புதுப்பித்தது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்களின் கைவேலை. கோப்பெனிக் எஸ்-பான் (நகர ரயில்) நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும், கடைசித் தூரம் மரங்களுக்கு நடுவே.

பெண்கள் கால்பந்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிக்கெட் எளிது, குழந்தைகளோடு போக வசதி, ஆட்டமோ முதல்தரம். பெரிய அரங்கில் நடந்தால் கூட்டமும் சளைத்ததல்ல: 2022 ஏப்ரலில் பார்சிலோனாவின் காம்ப் நூவில் வோல்ஃப்ஸ்பர்க்குக்கு எதிரான ஆட்டத்தை 91,648 பேர் பார்த்தார்கள்.

படி 9: தூரத்தில் இருக்கும் உங்கள் பழைய அணி

குடிபெயர்ந்ததால் சின்ன வயதிலிருந்து ஆதரித்த அணியை விட்டுவிட வேண்டியதில்லை. உள்ளூருக்கு ஒன்று, மனதுக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை, இரண்டும் ஒரே லீக்கில் இல்லாதவரை. பெரிய கிளப்கள் உலக நகரங்களில் அதிகாரப்பூர்வ ரசிகர் கிளைகளை அங்கீகரித்துப் பட்டியலிட்டிருக்கின்றன. கிளப் தளத்தில் தேடினால் உங்கள் நகரத்துக் கிளை எந்த இடத்தில் கூடிப் பார்க்கிறது என்று கிடைக்கும். புது ஊரில் முதல் மாதத்திலேயே நண்பர்கள் கிடைக்க இதைவிடக் குறுக்கு வழி இல்லை. சில கிளைகளுக்கு வருடத்துக்குச் சில டிக்கெட் ஒதுக்கீடும் உண்டு.

இங்கிலாந்துக்குக் குடிபோகிறவர்களுக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் 2:45 முதல் 5:15 வரை அந்த நாட்டில் நேரலைக் கால்பந்து ஒளிபரப்பே கிடையாது. சின்னக் கிளப்களின் வாசல் வசூல் பாதிக்கக்கூடாது என்று 1960களில் வந்த ஏற்பாடு. உலகத்தின் மறுகோடியில் இருப்பவர் பார்க்கும் 3 மணி ஆட்டத்தை, மைதானத்துக்கு ஒரு மைல் தொலைவில் இருப்பவர் பார்க்க முடியாது. அந்த இரண்டரை மணி நேரத்துக்குத்தான் படி 8.

படி 10: சீசன் முடியும்போது

மே மாதத்தில் மின்னஞ்சலைக் கவனியுங்கள். பல கிளப்களில் உறுப்பினர் கட்டணம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், வேறு ஊருக்கு மாறப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே நிறுத்துங்கள். முகவரி மாறினால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் உறுப்பினர் அட்டையும் கோப்பை இறுதிக்கான அறிவிப்பும் பழைய வீட்டுக்குப் போகும். சீசன் டிக்கெட் காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருந்தால், வருடந்தோறும் உறுதிப்படுத்தச் சொல்லும் கிளப்களும் உண்டு. ஒரு மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டு வரிசையின் கடைசிக்குப் போகாதீர்கள்.

ஜூனிலும் ஜூலையிலும் பெரும்பாலான ஐரோப்பிய லீக்குகள் தூங்கும், ஆனால் ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளில் சீசன் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலம் வரை ஓடும். விடுமுறைக்கு எங்கே போவது என்று வீட்டில் கேட்டால் ஸ்டாக்ஹோம், பெர்கன், டப்ளின் என்று சொல்லிப் பாருங்கள். அட்டவணையை மட்டும் பிறகு காட்டுங்கள்.